அண்ணன் வீட்டு கிரானைட்டும் உங்கள் கிரீன் கார்டும்

கேள்வி: டல்லாஸ் பக்கம் எச்1பி-யில் (கம்பெனி வாங்கித் தரும் வேலை விசா) வேலை பார்க்கிறேன். மனைவி அமெரிக்கக் குடிமகள், குழந்தைகள் காப்பகத்தில் ஆண்டுக்கு 48,000 டாலர் வாங்குகிறார். திருமண அடிப்படையில் ஐ-485 (கிரீன் கார்டு விண்ணப்பம்) போட்டு ஐந்து மாதம் ஆகிறது, ஈஏடி (வேலை அனுமதி அட்டை) இன்னும் வரவில்லை. மேனேஜர் தொல்லை தாங்கவில்லை, அடுத்த மாதம் வேலையை விடலாமா? சேமிப்பு 14,000 டாலர். 401கே-யிலிருந்து (கம்பெனி வழி ஓய்வுக்காலச் சேமிப்பு) எடுத்த கடன் 22,000 பாக்கி. ஊரில் அண்ணன் கட்டும் வீட்டுக்கு மாதம் 1,200 அனுப்புகிறேன். நண்பர் ஐயூஎல் பாலிசி (பங்குச் சந்தைக் குறியீட்டை ஒட்டிப் பணம் சேரும் ஆயுள் காப்பீடு) எடுக்கச் சொல்கிறார்.

பதில்: நீங்கள் பயப்படுவது ஒன்றுக்கு, பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. உங்கள் விண்ணப்பம் மனைவியை நம்பி நிற்கிறது, மேனேஜரை நம்பி அல்ல. உங்களைப் பராமரிப்பதாக மனைவி உறுதி தரும் ஐ-864 படிவத்துக்கு இருவர் உள்ள வீட்டில் 2025 கணக்குப்படி சுமார் 26,437 டாலர் வருமானம் போதுமானதாக இருந்தது, அவர் சம்பளமே அதைத் தாண்டிவிட்டது. உங்கள் சம்பளத்தையும் அதில் காட்டியிருந்தால் மட்டும் வக்கீலிடம் பேசுங்கள்.

ஆனால் ஈஏடி கைக்கு வராமல் ராஜினாமா செய்தால், வேறு கம்பெனி உங்களுக்காக எச்1பி மனு போட்டாலொழிய வேறெங்கும் வேலை பார்க்க முடியாது, டெலிவரி ஓட்டுவதும் அதில் சேர்த்திதான். ஒருவேளை ஐ-485 நிராகரிக்கப்பட்டால் பின்னால் சாய எச்1பி-யும் இருக்காது. அட்வான்ஸ் பரோல் (வெளிநாடு போய்த் திரும்ப முன் அனுமதி) வராத நிலையில் வேலையை விட்டுவிட்டு கிரகப்பிரவேசத்துக்கு விமானம் ஏறினால் விண்ணப்பத்தை நீங்களே கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். அண்ணன் எத்தனை முறை கூப்பிட்டாலும் சரி.

இப்போது அந்த 22,000. "என் பணத்தை நானே எடுக்கிறேன்" என்று சொல்லி முதலில் அஸ்திவாரத்துக்கு, அப்புறம் கான்கிரீட்டுக்கு என்று இரண்டு தடவை எடுத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன், ஏனென்றால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி இப்படித்தான். வேலையில் இருக்கும்வரை சம்பளத்தில் பிடிப்பதால் வலி தெரியாது. வேலையை விட்டால் பல திட்டங்களில் பாக்கி மொத்தத்தையும் கேட்பார்கள். அடுத்த ஆண்டு வரித் தாக்கல் கெடுவுக்குள் கட்டவில்லையென்றால் அது நீங்கள் எடுத்துச் செலவழித்த பணமாகிவிடும்: வரி சுமார் 22%, அபராதம் 10%, ஆக 7,000 டாலர் போல. டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லாததால் இத்தோடு தப்பித்தீர்கள்.

வீட்டுக் கணக்கைப் போடுவோம். வாடகை 1,900, கார் 450, மளிகையும் மற்றதும் 900, கோப்ராவில், அதாவது வேலையை விட்ட பிறகும் பழைய கம்பெனியின் மருத்துவக் காப்பீட்டைச் சொந்தக் காசில் தொடரும் வழியில், காப்பீடு (கம்பெனி கட்டிய பங்கும் சேர்த்து, மேலே 2%) இருவருக்கும் 1,100 என்று வைத்தால் மொத்தம் 4,350. மனைவி கையில் வாங்குவது 3,300 இருக்கலாம். மாதம் 1,050 துண்டு விழும், சேமிப்பு 13 மாதம் தாங்கும். அண்ணனுக்கு 1,200 தொடர்ந்தால் ஆறே மாதம். வரிக்கு 7,000 ஒதுக்கிவிட்டால் மூன்று மாதம்! அதனால் பிரச்சினை வேலையில் இல்லை, அந்த 1,200-இல் இருக்கிறது.

அண்ணன் ஊரில் சம்பாதிக்கிறவர் என்றால் வீட்டுக் கடன் அவர் பெயரில் வாங்கட்டும். கூரை போட்டாயிற்றா, அது போதும். கிரானைட்டும் தேக்கு நிலைக்கதவும் உங்கள் ஓய்வுக்காலப் பணத்தில் வர வேண்டியதில்லை. "கிரீன் கார்டு வரும்வரை அனுப்ப முடியாது அண்ணா" என்று சொல்லுங்கள், பொய்யும் இல்லை. மிச்சமாகும் 1,200-ஐ மாதாமாதம் 401கே கடனில் கூடுதலாகக் கட்ட உங்கள் திட்டம் அனுமதிக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் தனி சேமிப்புக் கணக்கில் போடுங்கள். ஈஏடி வந்த பிறகு, அடுத்த வேலையின் ஆஃபர் கையில் இருக்கும்போது, மேனேஜருக்கு டாட்டா காட்டலாம். மனைவி வேலையிடத்தில் காப்பீடு இருந்தால் உங்கள் காப்பீடு முடிந்த 30 நாட்களுக்குள் அதில் சேருங்கள், கோப்ரா செலவு மிச்சம்.

ஐயூஎல் பற்றி: பிறந்தநாள் விருந்தில் கேக் வெட்டியதும் லேப்டாப்பைத் திறக்கிற நண்பரா? ஆரம்ப ஆண்டுகளில் விட்டால் போட்ட பணத்தில் பெரும்பகுதி சரண்டர் கட்டணமாகப் போகும், உங்களைப் போல மாத வருமானமே நிச்சயமில்லாதவருக்கு அதை விற்க எப்படித்தான் மனசு வருகிறதோ. கையெழுத்துப் போட்டிருந்தால் பாலிசி கைக்கு வந்த தேதியை இன்றே பாருங்கள், திருப்பிக் கொடுக்க சில நாட்கள் அவகாசம் இருக்கும்.