தேனிலவும் பஃபின் பறவையும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்களுக்கு மார்ச்சில் கல்யாணம். இருவருக்கும் லண்டனில் வேலை. கார் ஓட்டத் தெரியாது, விமானம் ஏறவும் பிடிக்காது. தேனிலவுக்கு ரயிலிலும் கப்பலிலுமாக ஸ்காட்லாந்துத் தீவுகளுக்குப் போய்ப் பஃபின், கடற்கழுகு, நீர்நாய், திமிங்கிலம் எல்லாம் பார்த்துவிட்டு வர ஆசை. ஒரு வாரம் லீவு. ஸ்கை, மல், ஆர்க்னி, ஷெட்லாண்ட் என்று நான்கு தீவுகளைக் குறித்து வைத்திருக்கிறோம். முடியுமா? (புது மணப்பெண், லண்டன்)

பதில்: முதலில் வாழ்த்துகள். அப்புறம், அந்தப் பட்டியலில் மூன்றை அடித்துவிடுங்கள். ஷெட்லாண்டுக்கு அபர்டீனிலிருந்து ராத்திரி முழுக்கக் கப்பல். ஆர்க்னிக்கு வடக்குக் கோடியிலுள்ள தர்ஸோ வரை ரயில், பக்கத்து ஸ்கிராப்ஸ்டர் துறைமுகத்திலிருந்து ஒன்றரை மணி நேரக் கப்பல். ஸ்கைக்கு மல்லெய்க் வரை ரயில், அங்கே இன்னொரு கப்பல். எல்லாம் ஆளுக்கொரு மூலையில் கிடக்கின்றன. ஒரு வாரத்தில் இவற்றைக் கோத்தால் நீங்கள் பார்க்கப்போவது பிராணிகளை அல்ல, கால அட்டவணைகளை. காட்டுயிர் பார்ப்பதில் பாதி வேலை ஒரே இடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது, அதற்கு நாள் வேண்டும்.

மல் தீவை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்ட நான்கு உயிர்களும் அங்கேயும் அதைச் சுற்றியுள்ள கடலிலுமே இருக்கின்றன, காரில்லாமல் போகவும் தோதான தீவு.

லண்டன் யூஸ்டனிலிருந்து கிளாஸ்கோவுக்கு இரவு ரயில் இருக்கிறது. கலிடோனியன் ஸ்லீப்பர் என்று பெயர், சனிக்கிழமை இரவு மட்டும் ஓடாது. புதுப் பெட்டிகளில் இரட்டைக் கட்டிலும் தனிக் குளியலறையும் உள்ள அறைகள் உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் மேல் பெர்த்தில் ஒருவர் கீழ் பெர்த்தில் ஒருவர் என்று தேனிலவு தொடங்கும். அந்த அறைகள் குறைவு, சீக்கிரம் தீர்ந்துவிடும். காலையில் கிளாஸ்கோ சென்ட்ரலில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் குவீன் ஸ்ட்ரீட் ஸ்டேஷன். ஓபன் என்ற துறைமுக ஊருக்கு அங்கிருந்துதான் வண்டி, மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். பல வண்டிகள் கிரியன்லாரிக் என்ற சின்ன ஸ்டேஷனில் இரண்டாகப் பிரியும், ஒரு பாதி ஓபனுக்கும் மறு பாதி மல்லெய்க் பக்கமும் போய்விடும். ஏறும்போதே எந்தப் பெட்டி எங்கே போகிறது என்று பார்த்து உட்காருங்கள். இல்லையென்றால் நீங்கள் பட்டியலில் அடித்த ஸ்கைக்குப் பக்கத்தில் போய் இறங்குவீர்கள்.

இந்தப் பாதையில் தூங்கிவிடாதீர்கள். முதலில் இடது பக்கம் கடல் உள்ளே நுழைந்த லாக் லாங், அதைத் தாண்டியதும் வலது பக்கம் லோமண்ட் ஏரி, கிரியன்லாரிக் கடந்து மேற்கே திரும்பிய பிறகு மறுபடி இடது பக்கம் ‘ஆ’ (Awe) என்ற ஏரியும் அதன் கரையில் இடிந்து நிற்கும் கில்கர்ன் கோட்டையும். ஜன்னல் சீட்டுக்குச் சண்டை வரும், அது உங்கள் பாடு.

ஓபனில் ஸ்டேஷனும் கப்பல் துறையும் ஒட்டியே இருக்கின்றன. கப்பலுக்கு நேரமிருந்தால் கடலோரச் சுவரைக் கவனியுங்கள். அதிலுள்ள வடிகால் ஓட்டைகளில் கறுப்பு கில்லிமாட் என்ற கடற்பறவை கூடு வைக்கும், கரியுடம்பு, இறக்கையில் வெள்ளைத் திட்டு, ரத்தச் சிவப்பில் கால். கப்பல் ஏறுமுன்பே கணக்கு தொடங்கிவிடும். ஓபனிலிருந்து மல் தீவின் கிரெய்க்னூருக்கு முக்கால் மணி நேரம் போல. கார் கொண்டுபோகிறவர்கள்தான் மாதக்கணக்கில் முன்பதிவுக்கு அல்லாடுவார்கள், நடந்து ஏறுகிறவர்களுக்கு அந்தத் தொல்லை அநேகமாக இல்லை. பயணம் முழுக்க மேல்தளத்தில் நில்லுங்கள், சின்னக் கறுப்பு முதுகு ஒன்று உருண்டு மறைந்தால் அது கடற்பன்றியாக இருக்கும்.

கிரெய்க்னூரில் கப்பலை ஒட்டியே பஸ் வரும். ஒன்று வடக்கே டோபர்மோரிக்கு, ஒன்று தென்மேற்கு முனையிலுள்ள ஃபின்னஃபோர்ட்டுக்கு. பஸ் எண்ணிக்கை குறைவு, ஞாயிற்றுக்கிழமை இன்னும் குறைவு, ஆகவே கப்பல் நேரத்தையும் பஸ் நேரத்தையும் சேர்த்துப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். தங்குவதற்கு இந்த இரண்டு ஊர்களில் ஒன்றையோ, முதல் பாதி இங்கே மறு பாதி அங்கே என்றோ வைத்துக்கொள்ளுங்கள். அறையை இப்போதே பிடியுங்கள். கோடையில் அந்தத் தீவில் அறை கிடைப்பது கல்யாண மண்டபம் கிடைப்பதுபோலத்தான்.

போகும் காலம் மே பாதியிலிருந்து ஜூலை பாதி வரை. மார்ச்சில் கல்யாணம் முடிந்த கையோடு போனால் பஃபின் இருக்காது.

கேள்வி: பஃபினை நிஜமாகவே கிட்டே பார்க்க முடியுமா, இல்லை பைனாகுலரில் புள்ளியாகத் தெரிவதைத்தான் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்கிறார்களா?

பதில்: லுங்காவில் பார்க்கலாம். மல் தீவுக்கு மேற்கே ட்ரெஷ்னிஷ் தீவுக்கூட்டத்தில் இருக்கும் ஆளில்லாத் தீவு அது. ஃபின்னஃபோர்ட்டிலிருந்தும் டோபர்மோரியிலிருந்தும் படகுகள் போகின்றன, பெரும்பாலும் ஸ்டாஃபா தீவையும் சேர்த்தே காட்டுவார்கள். லுங்காவில் துறை கிடையாது. மிதவை ஒன்றைக் கொண்டுவந்து சேர்த்து, அதன் வழியாக வழுக்கும் பாறாங்கற்கள் மேல் இறக்கிவிடுவார்கள். கழிப்பறை இல்லை. நல்ல பிடிப்புள்ள ஷூ இல்லாமல் போகாதீர்கள். கற்களைத் தாண்டி ஒரு செங்குத்தான சின்ன ஏற்றம், ஏறியதும் புல்மேடு. அங்கே உட்கார்ந்துவிடுங்கள், நீங்கள் போய்த் தேட வேண்டாம்.

மனிதர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு பஃபின் தானாகவே கிட்ட வருவதற்குக் காரணம் நம் மேல் உள்ள பாசம் அல்ல. பெரிய கடற்காகங்களும் ஸ்குவா பறவைகளும் பஃபினைக் கொல்லும், அதன் வாயிலிருக்கும் மீனைப் பிடுங்கும். ஆள் இருந்தால் அவை ஒதுங்கி நிற்கின்றன, பஃபின் இரண்டடி தள்ளி வந்து இறங்கிவிடுகிறது. அதற்கு நாம் வாட்ச்மேன்.

தேனிலவுக்குப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று: இந்தப் பறவைகள் பெரும்பாலும் வருஷா வருஷம் அதே ஜோடியோடு அதே வளைக்குத் திரும்பும், ஆனால் குளிர்காலம் முழுவதும் தனித்தனியாக நடுக்கடலில் இருக்கும். அலகின் வண்ணத் தகடுகளும் இனப்பெருக்கக் காலத்துக்கு மட்டும்தான், முடிந்ததும் உதிர்த்துவிடும். ஏப்ரலில் திரும்பிவந்து அலகோடு அலகு உரசிக்கொள்ளும். வருஷத்துக்கு ஒரே முட்டை, இருவரும் மாறி மாறி அடைகாப்பார்கள். ஜூலைக் கடைசியில், மிஞ்சிப்போனால் ஆகஸ்ட் தொடக்கத்தில், காலி செய்துவிடும். ஆகஸ்ட் பாதியில் போய்ப் புல்லைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஒவ்வொரு வருஷமும் உண்டு.

வளை இருக்கும் விளிம்பில் கால் வைக்காதீர்கள், மண் இளகி உள்ளே சரியும், உள்ளே குஞ்சு இருக்கும். பையையும் ஷூவையும் படகு ஏறுமுன் உதறித் துடையுங்கள். ஒரு சினை எலி தீவில் இறங்கினால் போதும், தரையில் முட்டையிடும் பறவைகளின் கதை முடிந்தது. வடக்கே ஷியன்ட் தீவுகளில் எலியை ஒழிக்கப் பெரும் பாடுபட்டு 2018-ல்தான் எலி இல்லாத தீவு என்று அறிவித்தார்கள்.

பலரும் பஃபினைக் கண்டதும் அங்கேயே நின்று போன் மெமரியை நிரப்பிவிட்டுத் திரும்புகிறார்கள். பாதையில் இன்னும் கொஞ்சம் நடந்தால் ஹார்ப் ராக் என்ற தனிப் பாறை, அதன் மேல் ஆயிரக்கணக்கில் சாதாரண கில்லிமாட்கள் (ஓபனில் பார்த்த கறுப்பு வகை அல்ல) தோளோடு தோள் நெருக்கியடித்து நிற்கும். சத்தமும் நாற்றமும் பிரமாதம். என்னைக் கேட்டால் பஃபினைவிட அந்தக் காட்சிதான் பெரிது.

கேள்வி: என் வீட்டுக்காரர் ஒரு பெரிய லென்ஸ் வாங்கியிருக்கிறார். கழுகுக் கூட்டைப் படமெடுக்காமல் வரமாட்டேன் என்கிறார். கூடு எங்கே இருக்கிறது என்று சொல்வீர்களா?

பதில்: சொல்லமாட்டேன். பிரிட்டனில் வெண்வால் கடற்கழுகு சுத்தமாக அழிந்துபோயிருந்த பறவை. கடைசிக் கழுகை ஷெட்லாண்டில் சுட்டுக் கொன்றது 1918-ல். நார்வேயிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து 1975 முதல் ரும் தீவில் வளர்த்து விட்டார்கள், பத்து வருஷம் கழித்து 1985-ல்தான் முதல் குஞ்சு கூட்டைவிட்டுப் பறந்தது, அதுவும் மல் தீவில். இத்தனை பாடுபட்டு மீட்ட பறவை என்பதால் கூட்டருகே தொந்தரவு செய்வது 1981-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். கூட்டருகே படமெடுக்க முறையான உரிமம் வேண்டும். டிரோன் கொண்டுபோகும் எண்ணமிருந்தால் அதையும் வீட்டிலேயே வைத்துவிடச் சொல்லுங்கள்.

கழுகு பார்க்கக் கூடு தேவையில்லை. லாக் நா கீல் என்ற கடற்கழிக் கரையில் காத்திருந்தால், இறக்கை விரித்தால் எட்டடி அகலம் வரும் அந்தப் பறவையைத் தவறவிடுவது கஷ்டம், பலகை பறப்பதுபோல் இருக்கும். அங்கே பஸ் வசதி சரியில்லை, உள்ளூர் வழிகாட்டியின் வேனில் ஒரு நாள் சுற்றுலா எடுத்துக்கொள்ளுங்கள். பொன்னாங்கழுகும் அதே மலைகளில் உண்டு, அதையும் அவர்கள் பிரித்துக் காட்டுவார்கள். அந்த ஒரு நாள் செலவுக்கு யோசிக்காதீர்கள்.

கேள்வி: நீர்நாய்? மூன்று நாள் தேடிக் கிடைக்கவில்லை என்கிறாள் தோழி.

பதில்: தேடினால் கிடைக்காது. மல் தீவின் நீர்நாய்கள் ஆற்று நீர்நாய் இனம்தான், ஆனால் கடலோரத்தில் வாழ்கின்றன. அங்கே ஆட்கள் செய்யும் தப்பு, கரையோரம் நடந்துகொண்டே இருப்பது. நம் வாசனையும் உருவமும் நீர்நாய்க்கு முன்கூட்டியே எட்டிவிடும். காற்று உங்கள் முகத்தில் அடிக்கும் பக்கமாக, பின்னால் பாறை இருக்கும்படி ஓரிடத்தில் குந்துங்கள், வானத்தைப் பின்னணியாக வைத்து மேட்டில் நிற்காதீர்கள். கடற்பாசி படிந்த கரையை பைனாகுலரில் மெதுவாகத் துழாவுங்கள். ஓடை வந்து கடலில் விழும் இடம் விசேஷம், ரோமத்திலுள்ள உப்பைக் கழுவ அதற்கு நல்ல தண்ணீர் வேண்டும். நீரில் தலை, முதுகு, வால் என்று மூன்று மேடு தெரிந்தால் நீர்நாய். வட்டத் தலை மட்டும் மிதந்து உங்களையே முறைத்தால் அது கடல்நாய், அது நிறையவே இருக்கும்.

கேள்வி: எனக்குக் கடல் பயணம் என்றாலே வாந்தி. பூச்சிக்கடி வேறு என்கிறார்கள். திமிங்கிலம் பார்க்கும் படகுக்கு என்னைச் சம்மதிக்க வைக்கிறாள் மனைவி.

பதில்: ஓபனிலிருந்து மல் போகும் கப்பல் பெரியது, பாதி வழி தீவுகளின் மறைவில் போகும், அநேகமாகத் தெரியவே தெரியாது. லுங்கா, ஸ்டாஃபா படகுகளும் திமிங்கிலப் படகும் அப்படியல்ல, அட்லாண்டிக் அலை நேராக வரும். மாத்திரையைக் குமட்டல் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை, ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போடுங்கள், படகின் பின்பகுதியில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள். கோடையில் மிங்கி திமிங்கிலமும் டால்பினும் வரும், அதிர்ஷ்டமிருந்தால் பத்து மீட்டர் வரை வளரும் பாஸ்கிங் சுறா. வாயைப் பிளந்துகொண்டு வரும், ஆனால் தின்பது மிதவை நுண்ணுயிர்களை மட்டும். படகே வேண்டாம் என்றால் டோபர்மோரி கடைத்தெருவில் ஹெப்ரிடியன் திமிங்கில, டால்பின் அறக்கட்டளையின் மையம் இருக்கிறது, கரையிலிருந்தே எந்த முனையில் நின்று பார்க்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பூச்சி மிட்ஜ் எனும் வகை, கொசுவைவிடப் பொடிசு, கூட்டமாக மொய்க்கும். காற்று லேசாக வீசினாலே பறக்க முடியாது, ஆகவே கடலிலும் திறந்த முனைகளிலும் தொல்லை இல்லை. காற்றில்லாத அந்தி வேளையில் ஏரியோரம் ரொமான்டிக்காக உட்காரத் தோன்றும், அப்போதுதான் வரும். தலைக்கு வலை வாங்கிக்கொள்ளுங்கள், போட்டோவில் நன்றாக இருக்காது, பரவாயில்லை.

கேள்வி: அவளுக்குப் பறவைப் பைத்தியம். எனக்கு ஒரு காக்கைக்கும் இன்னொரு காக்கைக்கும் வித்தியாசம் தெரியாது. நான் என்ன செய்வது?

பதில்: ஸ்டாஃபாவில் நீங்களும் வாயைப் பிளப்பீர்கள். ஏறக்குறைய 6 கோடி வருஷம் முன்னால் எரிமலைக் குழம்பு மெதுவாக ஆறி, சுருங்கி, விரிசல் விட்டதில் உண்டான கல்தூண்கள், பலவும் அறுகோணமாக, தச்சர் அளந்து அறுத்ததுபோல் நிற்கின்றன. ஃபிங்கல் குகைக்குள் அலை புகுந்து எழுப்பும் ஓசையைக் கேட்கவே 200 வருஷத்துக்கும் மேலாக ஜனங்கள் போகிறார்கள். மறுநாள் ஃபின்னஃபோர்ட்டிலிருந்து பத்து நிமிடப் படகில் ஐயோனா தீவு. 563-ல் புனித கொலம்பா வந்து மடம் நிறுவிய இடம், வெளியூர்க் காருக்கு அனுமதியில்லை, வெள்ளை மணல். அங்கே இரவு தங்கினால் ஒரு எச்சரிக்கை: கார்ன்கிரேக் என்ற பறவை ஆப்பிரிக்காவிலிருந்து வந்து மே, ஜூன் இரவுகளில் சீப்பைச் சீப்பால் உரசுவதுபோல் விடியவிடியக் கத்தும். கண்ணுக்குச் சிக்காது. அவள் ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்வாள். காதடைப்பான் எடுத்துப் போங்கள்.

கேள்வி: எங்களுக்கு டிசம்பரில் கல்யாணம். உடனே போகலாமா?

பதில்: பகல் ஏறக்குறைய ஏழு மணி நேரம்தான். புயல் வந்தால் கப்பலை ரத்து செய்வார்கள், லுங்கா படகுகள் ஓடாது, பல விடுதிகள் மூடியிருக்கும். கழுகும் நீர்நாயும் இருக்கும், லாக் நா கீலில் வடக்கிலிருந்து முக்குளிப்பான்கள் வந்து சேர்ந்திருக்கும், கூட்டமே இருக்காது. அடுப்பு எரியும் அறையும் மழையும் போதும், ஒன்றும் பார்க்காமல் திரும்பினாலும் சரி என்பவர்கள் தாராளமாகப் போகலாம், திரும்பும் நாளுக்குப் பிறகு இரண்டு நாள் லீவு கையிருப்பில் வைத்துக்கொண்டு. பஃபின்தான் முக்கியம் என்றால் லீவை மே கடைசிக்குத் தள்ளிவைத்து இரவு ரயிலில் அந்த இரட்டைக் கட்டில் அறையை இப்போதே பாருங்கள்.