ஆயிரம் முடிவு வேண்டாம், ஒரு பற்று நோட்டு போதும்

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்கிறார்: 'நண்பர்கள் மூவர் சேர்ந்து ட்வைனில் (கிளைக்கதைகள் எழுத உதவும் கணினிக் கருவி) ஒரு கதை விளையாட்டு செய்கிறோம். பெரியப்பாவின் பலசரக்குக் கடையில் நிற்கும் செல்வி, கல்லாவில் பணம் குறைந்தது எப்படி என்று சொல்வதா, மறைப்பதா என்பதில் கதை தொடங்குகிறது. ஒவ்வொரு தேர்வுக்கும் தனிக் கிளை எழுதி மாளவில்லை. விளையாடியவர்களோ செல்வி எப்படிப்பட்டவள் என்றே பிடிபடவில்லை என்கிறார்கள்.'

மாளாதுதான், தம்பி. இரண்டிரண்டாகப் பத்து முறை பிரிந்தால் 1024 முடிவுகள். வழியில் உள்ள பக்கங்களையும் சேர்த்தால் 2047. மூன்று பேர் எழுதுகிற காரியமா அது?

உங்கள் ஊர்ப் பக்கம் தாமிரபரணியில் உள்ள கன்னடியன் அணைக்கட்டில் பிரிகிற தண்ணீர் என்ன ஆகிறது? கால்வாயில் போய்க் குளத்தை நிரப்புகிறது. குளம் பெருகினால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்கோ, திரும்ப ஆற்றுக்கோ போகிறது. கிளைக்கதையும் இரண்டு மூன்று பக்கம் தனியே ஓடிவிட்டுப் பொதுக் காட்சியில் வந்து விழட்டும். 2012இல் வந்த 'தி வாக்கிங் டெட்' விளையாட்டின் முதல் அத்தியாயத்தில் டக், கார்லி இருவரில் ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும். யாரைக் காப்பாற்றினாலும் மூன்றாம் அத்தியாயத்தில் அந்த ஆளும் செத்துப்போவார். (இன்னும் விளையாடாதவர்கள் மன்னிக்கவும்.) ஆனால் அதுவரை கூட வருகிற ஆளும் பேச்சும் வேறல்லவா? ஆட்டக்காரருக்கு அதுதான் மனதில் நிற்கிறது.

சரி, செல்விக்கு வருவோம். உங்களுக்கு வேண்டிய கருவி அந்தக் கடையிலேயே இருக்கிறது: பற்று நோட்டு. செல்வி பொய் சொன்னதும் ட்வைனின் 'செட்' கட்டளையால் ஒரு மாறியில் (விளையாட்டு நினைவில் வைத்துக்கொள்ளும் குறிப்பு) அதைப் பற்று எழுதிவிடுங்கள். உடனே வசூலிக்கவும் வேண்டாம். நாலு காட்சி கழித்துப் பெரியப்பா ஊருக்குக் கிளம்புகிறார். அவள் உண்மை சொல்லியிருந்தால் கடைச் சாவியைக் கையில் கொடுப்பார். மறைத்திருந்தால் சாவியை மடியில் செருகிக்கொண்டு, 'அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா, ஏட்டி' என்று படியிறங்குவார். காட்சி ஒன்றுதான். அந்தக் குறிப்பைப் பார்த்து 'இஃப்' (இப்படியிருந்தால்) கட்டளை போட்டு மாற்றுவது இரண்டு வரி.

2015இல் வந்த 'அண்டர்டேல்' விளையாட்டு இதில் ஒரு படி மேலே போனது. அதில் வரும் டோரியல் என்ற பாத்திரத்தைக் கொன்றுவிட்டு, மனசு கேட்காமல் பழைய சேமிப்புக்குத் திரும்பி அவளை உயிரோடு விட்டாலும், ஃப்ளவி என்ற பூ அதைக் குத்திக்காட்டும்!

இன்னொன்று. பொய் சொன்ன பக்கத்துக்கு அடுத்து 'ஏன் சொன்னாள்?' என்று ஒரு கேள்வி வையுங்கள். பயமா, தம்பியைக் காப்பாற்றவா, பெரியப்பா மேல் பழைய கோபமா? எதைத் தொட்டாலும் அடுத்த பக்கம் ஒன்றாகவே இருக்கலாம். ஆட்டக்காரர் செல்வியை உருவாக்குவது இந்த இடத்தில்தான். நல்லவள், கெட்டவள் என்று மார்க் போடும் அளவுகோல் மட்டும் வேண்டாம். அதைக் காட்டினால் யோசிப்பதை விட்டுவிட்டு மார்க் சேர்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

இப்போதைக்குப் பத்தில் மூன்று தேர்வை மட்டும் கிளையாக வைத்துக்கொண்டு மீதியை நோட்டுக்கு மாற்றுங்கள். அப்புறம் கதை தெரியாத ஒருவரை இரண்டு தடவை விளையாடச் சொல்லுங்கள். சாவி மடிக்குப் போனதை அவர் கவனிக்கவில்லை என்றால், அந்தக் காட்சியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுக்க வேண்டும்.