குயில்ட் பார்க்கப் போகும் பயணத்தில் குயில்ட் கண்ணில் படுமா?

கேள்வி: திருப்பூர் பனியன் கம்பெனிகளின் கட்டிங் வேஸ்ட் துணியையும் சென்னிமலைத் தறித்துண்டுகளையும் ஒட்டிக் குயில்ட் (துணி அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும் விரிப்பு) தைக்கும் பெண்கள் 14 பேர் நாங்கள். பயண முகவர் ஒருவர், பிரிட்டனின் குயில்ட் மரபையும் வரலாற்றுச் சின்னங்களையும் சேர்த்து 11 நாள் குழுப்பயணம் ஒன்றைச் சொல்லியிருக்கிறார். லண்டன், பாத், கார்டிஃப், லேக் டிஸ்ட்ரிக்ட், டர்ஹம், யார்க், எடின்பரோ என ஏழு ஊர்கள். புறப்பாடு ஆடி மாதத்தில். எங்களில் இருவருக்கு மூட்டுவலி உண்டு, பெரும்பாலோர் சைவம். முன்பணம் கட்டுவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? – ஒரு வாசகி, பெருந்துறை.

பதில்: நீங்கள் அனுப்பிய நிரலில் ஊர்ப் பெயர்கள் ஏழு இருக்கின்றன, எந்த நாளில், எந்த இடத்தில், எந்தக் குயில்ட்டைப் பார்ப்பீர்கள் என்று சொல்லும் வரி ஒன்றுகூட இல்லை. அந்த வரி எழுத்தில் வந்து சேரும்வரை முன்பணம் கட்ட வேண்டாம் என்பதே என் முதல் ஆலோசனை.

காரணம் எளியது. கொடியில் வெயிலில் கிடந்த சேலை எப்படி வெளுக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். முந்நூறு ஆண்டுப் பழைய பருத்திக்கு அறை விளக்கே வெயில்தான். அதனால் அருங்காட்சியகங்கள் பழந்துணிகளை ஏறத்தாழ 50 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) என்ற மங்கிய ஒளியில், சில மாதங்களுக்கு மட்டும் காட்சிக்கு வைத்துவிட்டு, பிறகு நெடுங்காலம் இருட்டில் ஓய்வெடுக்க விடுகின்றன. ஒரு குயில்ட் ஓர் அருங்காட்சியகத்துக்குச் சொந்தமாக இருப்பதும், நீங்கள் போகும் நாளில் அது கண்ணாடிக்குப் பின்னால் தொங்குவதும் வேறு வேறு செய்திகள். ஆகவே ஒவ்வோர் இடத்துக்கும் மின்னஞ்சல் எழுதி, பொருளின் பதிவெண்ணைக் குறிப்பிட்டு, அது அன்று காட்சியில் இருக்குமா, இல்லையென்றால் முன்பதிவு செய்து கிடங்கில் பார்க்க முடியுமா என்று கேட்க வேண்டும். இதை முகவர் செய்யமாட்டார் என்றால் நீங்களே செய்துவிடுங்கள்.

லண்டனில் இதற்கு நல்ல வழி திறந்திருக்கிறது. விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் 2025 மே மாத இறுதியில் கிழக்கு லண்டனின் ஒலிம்பிக் பூங்காவில் தன் சேமிப்புக் கிடங்கையே மக்களுக்குத் திறந்துவிட்டது. கட்டணமில்லை, குறைந்தது இரண்டு வாரங்களுக்கு முன் இணையத்தில் பதிவு செய்தால், நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஐந்து பொருள்கள் வரை எடுத்து வைத்துக் காட்டுகிறார்கள். பதினான்கு பேரும் ஒரே மேசையைச் சுற்றி நிற்க இடம் போதாமல் போகலாம் என்பதால், இரண்டு குழுவாகப் பிரிவது பற்றி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தையலின் பின்பக்கத்தைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு, கோபுரத்தையும் அரண்மனையையும் பார்ப்பதைவிட இந்த ஒரு முற்பகல் மதிப்புள்ளது.

நிரலில் 'லேக் டிஸ்ட்ரிக்ட்' என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். படகுச் சவாரியைத்தான் மனத்தில் வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அதே பகுதியின் தென்கோடியில், கெண்டல் ஊருக்கு அருகே, லெவன்ஸ் ஹால் என்ற பழைய மாளிகை இருக்கிறது. 1708ஆம் ஆண்டு வாக்கில் தைக்கப்பட்ட ஒட்டுத்துணிப் படுக்கைத் தொகுதி ஒன்று அங்கே இருக்கிறது. இங்கிலாந்தில் காலம் அறியப்பட்ட ஒட்டுத்துணி வேலைகளில் மிகப் பழையவற்றுள் அது ஒன்று. அதன் துண்டுகள் இந்தியச் சீட்டித் துணிகள், அதாவது வண்ணக்கோலம் ஏற்றிய பருத்தித் துணிகள். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய சீட்டிகள், படிகாரம் ஏற்றிச் சாயவேரில் முக்கிச் சிவப்பாக்கப்பட்டவை. துவைத்தாலும் போகாத அந்தச் சிவப்பை அக்காலத்து ஐரோப்பியச் சாயக்காரர்களால் எட்ட முடியவில்லை. உள்ளூர்க் கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொதித்தெழவே, அச்சிட்ட இந்தியத் துணியின் இறக்குமதிக்கு 1701இலும், அதை உடுத்துவதற்கே 1721இலும் இங்கிலாந்து தடை விதித்தது. அப்படிப்பட்ட காலத்தில் சீட்டியின் நறுக்கைக்கூட யாரும் எறிந்திருக்கமாட்டார்கள் என்று ஊகிக்கலாம். கட்டிங் வேஸ்ட்டை மூட்டையாக எடைக்கு வாங்கும் உங்கள் குழு, பயணத்தில் ஓரிடத்தை மட்டும்தான் பார்க்க முடியும் என்றால், நான் இதைத்தான் சொல்வேன். மாளிகை ஏப்ரல் முதல் அக்டோபர் தொடக்கம் வரையிலான பருவத்தில்தான் திறந்திருக்கும், அதிலும் வாரத்தின் எல்லா நாளும் அல்ல. எனவே மற்ற நாட்களை இதைச் சுற்றி அமைக்கச் சொல்லுங்கள். மாளிகையும், 1690களில் உருவான அதன் செதுக்குச்செடித் தோட்டமுமே வரலாற்றுச் சின்னங்கள் என்பதால், அன்றைக்கு வேறு கோட்டை தேவையில்லை.

இந்தக் கணக்கையே மற்ற ஊர்களுக்கும் போட்டுப் பாருங்கள். கார்டிஃபில் நகரக் கோட்டைக்கு ஒதுக்கியிருக்கும் பகலை, ஊருக்கு வெளியே உள்ள செயின்ட் ஃபேகன்ஸ் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்கு மாற்றலாம், அனுமதி இலவசம். ரெக்சம் ஊர்த் தையற்காரர் ஜேம்ஸ் வில்லியம்ஸ் 1842 முதல் 1852 வரை பத்தாண்டுகள் ஓய்வு நேரத்தில் 4,525 துண்டுகளை இணைத்துச் செய்த விரிப்பு அந்தத் தொகுப்பில் இருக்கிறது. நோவாவின் பேழையும் வேல்ஸின் மெனாய் தொங்குபாலமும் அதில் அருகருகே நிற்கின்றன. பாத் நகரில் ரோமானியக் குளியல் மண்டபத்தோடு, ஊருக்கு மேலே குன்றில் உள்ள அமெரிக்க அருங்காட்சியகத்தையும் சேருங்கள். அமெரிக்கக் குயில்ட்டுகளைக் காண அட்லாண்டிக்கைக் கடக்க வேண்டியிருக்காது.

டர்ஹமில் பேராலயம் (கட்டத் தொடங்கியது 1093) இருக்கட்டும். ஆனால் அந்த வட்டாரத்தின் குயில்ட் பேராலயத்தில் இல்லை; பார்னார்ட் காசில் என்ற ஊரில் உள்ள போவ்ஸ் அருங்காட்சியகத்திலும், பீமிஷ் திறந்தவெளி அருங்காட்சியகத்திலும் இருக்கிறது. வட இங்கிலாந்துக் குயில்ட்டில் பெரும்பாலும் ஒட்டு இருக்காது. ஒரே துணியில் தையலோட்டமே கோலமாகும். ஆலன்ஹெட்ஸ் என்ற சிற்றூரில் எலிசபெத் சாண்டர்சன் போன்றவர்கள் துணியில் நீலப் பென்சிலால் கோலம் வரைந்து கொடுப்பதையே தொழிலாகச் செய்தார்கள். தைப்பவர் வேறு, வரைபவர் வேறு. சுரங்க ஊர்களில் கணவனை இழந்த பெண்களும் விபத்தில் முடங்கியவர்களின் மனைவியரும் 'குயில்ட் கிளப்' நடத்தினார்கள்: உறுப்பினர் வாரந்தோறும் சிறு தொகை கட்ட, முறைப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு குயில்ட் தைத்துக் கொடுக்கப்படும். நம் ஊர்ப் பாத்திரச் சீட்டு, சேலைச் சீட்டு போலத்தான். பீமிஷில் 'குயில்ட்டர் ஜோ' எனப் பெயர்பெற்ற ஜோசப் ஹெட்லியின் குடிசையை மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். 1826இல் அவர் தம் வீட்டிலேயே கொலையுண்டார், கொலையாளி யாரென்று கடைசிவரை தெரியவில்லை. பரந்த இடமானாலும் உள்ளே பழைய டிராமும் பேருந்தும் ஓடுவதால் மூட்டுவலிக்காரர்கள் தயங்க வேண்டாம். பழைய மாளிகைகளில்தான் மாடிப்படி தொல்லை. அங்கே மின்தூக்கி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எடின்பரோவை வெட்டிவிடுங்கள். கார்டிஃபிலிருந்து லெவன்ஸ் ஹாலுக்கே ஏறத்தாழ 400 கிலோமீட்டர், அதாவது ஈரோட்டிலிருந்து சென்னைக்குப் போகும் தொலைவு. அதற்கு மேலும் வடக்கே இழுத்தால் பயணத்தில் பேருந்து ஜன்னல்தான் மிஞ்சும்.

ஆடியைத் தேர்ந்தெடுத்தது கல்யாண முகூர்த்தம் இல்லாத மாதம் என்பதற்காக இருக்கலாம், ஆனால் அதில் வேறொரு நன்மையும் உண்டு. பர்மிங்ஹாமில் ஆண்டுதோறும் நடக்கும் குயில்ட் திருவிழா ஜூலை இறுதி அல்லது ஆகஸ்ட் தொடக்கத்தில், கிட்டத்தட்ட நம் ஆடிப் பதினெட்டை ஒட்டி வரும். கார்டிஃபிலிருந்து வடக்கே போகும் வழியில் அது அமைந்துவிடுவதால், நான்கு நாள் விழாவில் ஒரு நாளைச் செலவிடலாம். அங்கே பள்ளி விடுமுறைக் காலம் என்பதால் விடுதி வாடகை கூடுதலாக இருக்கும். பவானி கூடுதுறையை அந்த ஓராண்டு விட்டுக்கொடுக்க வீட்டில் சம்மதம் வாங்குவது உங்கள் பாடு.

பணம், ஆவணம் பற்றிச் சுருக்கமாக: விசாவுக்கு ஒவ்வொருவரும் தனித்தனியே விண்ணப்பித்து நேரில் கைரேகை கொடுக்க வேண்டும், பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், முடிவு வழக்கமாக மூன்று வாரத்தில் வரும். பதினான்கில் ஒருவருக்கு மறுக்கப்பட்டால் அவருடைய பணம் எவ்வளவு திரும்பும், மற்றவர்களின் கட்டணம் ஏறுமா என்பதை ரசீதோடு எழுதி வாங்குங்கள். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு முகவர் பிடித்தம் செய்யும் வரி (டி.சி.எஸ்.) உங்கள் பான் எண்ணில் வரவாக வேண்டும், வருமானவரிக் கணக்கில் அதை ஈடுசெய்துகொள்ளலாம், வருமானவரி கட்ட வேண்டியிராதவர்கள் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். காப்பீடு எடுக்கும்போது மூட்டுவலியை மறைக்காதீர்கள்.

உங்கள் குயில்ட்டில் ஒரு சிறு துண்டை ஆளுக்கொன்று கொண்டுபோங்கள். விழாவில் மொழி தெரியாதவர்கள் நடுவே அதுவே பேச்சைத் தொடங்கி வைக்கும். கத்தரிக்கோலும் உருளைக் கத்தியும் சரக்குப் பெட்டிக்குள் போகட்டும். சைவ உணவு பெரிய ஊர்களில் சிக்கலில்லை, ஆனால் கெண்டல் பக்கம் மாலையில் உணவகங்கள் சீக்கிரம் மூடிவிடும் என்பதால் அந்த இரவுக்கு விடுதியிலேயே சாப்பாடு சொல்லிவையுங்கள். இந்தியாவிலிருந்து பால் பொருள்களையும் இறைச்சியையும் அந்நாட்டுக்குள் கொண்டுசெல்லத் தடை இருப்பதால் வீட்டு நெய்யையும் பால்கோவாவையும் எடுத்து வைக்காதீர்கள். எண்ணெயில் சுட்ட முறுக்கும் பருப்புப் பொடியும் போதும்.