ராஜலட்சுமி ஏறிய மேடைகள்

அன்புள்ள அக்காவுக்கு,

பழைய வண்ணாரப்பேட்டையில் இருந்து எழுதுகிறேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் ஏரியாப் பிள்ளைகள் சேர்ந்து சின்னதாக ஒரு நாடகக் குழு நடத்துகிறோம். இந்தத் தடவை தமிழின் முதல் பேசும்பட நாயகி டி.பி. ராஜலட்சுமியின் இளமைக் காலத்தை நாடகமாகப் போடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். நண்பர் எழுதிய கதை பம்பாயில் ஆரம்பிக்கிறது. ஒரு ஏழைப் பெண் சினிமா முதலாளி ஒருவரின் கண்ணில் படுகிறாள், கேமரா முன்னால் நிறுத்துகிறார்கள், படம் வந்ததும் ஸ்டார் ஆகிவிடுகிறாள். எனக்கு இது சரியாகப் படவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லவும் தெரியவில்லை. "சினிமான்னாலே லக்குதானே?" என்கிறார்கள். நான் நடிப்பதே வீட்டில் பாட்டிக்குப் பிடிக்காது, அது வேறு விஷயம். ராஜலட்சுமி உண்மையில் எப்படி மேலே வந்தார்? அவருக்கும் நம் பக்கத்துக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

உங்களுக்குச் சரியாகப் படாதது சரியாகவே படவில்லை. அந்த பம்பாய்க் காட்சியில் ஆரம்பித்தால் ராஜலட்சுமியின் உழைப்பு முழுவதும் திரைக்குப் பின்னால் போய்விடும். பம்பாய்க்கு ரயில் ஏறும்போது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. ஆனால் அதற்குள் அவர் பல வருடம் மேடையில் நின்று சம்பாதித்துக் குடும்பத்தைக் காப்பாற்றியிருந்தார். சினிமா அவரைக் கண்டுபிடித்தது என்று சொல்வதைவிட, பேசத் தொடங்கிய சினிமாவுக்கு அவர் தேவைப்பட்டார் என்று சொல்வதுதான் நியாயம். உங்கள் நாடகம் இதைச் சொன்னால் போதும்.

அவர் 1911-இல் பிறந்தவர். திருவையாறு பஞ்சாபகேச ராஜலட்சுமி என்பதன் சுருக்கம்தான் டி.பி. ராஜலட்சுமி. பிராமணக் குடும்பம். பத்து வயது ஆவதற்கு முன்பே கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் 1929-இல்தான் வந்தது, இவருக்கு அது மிகவும் தாமதம். அந்த மணவாழ்க்கை நீடிக்கவில்லை. தகப்பனாரும் காலமாகிவிட, தாயும் மகளும் பிழைப்புத் தேடித் திருச்சிக்குப் போனார்கள். வாழாவெட்டி என்று ஊர் முத்திரை குத்திய ஒரு பிராமணச் சிறுமிக்கு 1920-களில் என்ன வழி இருந்திருக்கும் என்று உங்கள் குழுவில் உட்கார்ந்து யோசியுங்கள். சமையல் வேலை, சொந்தக்காரர் வீட்டில் ஒரு மூலை, இவ்வளவுதான். அவருக்குக் குரல் இருந்தது, ஒரு முறை கேட்ட பாட்டைத் திருப்பிப் பாடும் திறமை இருந்தது. சி.எஸ். சாமண்ணாவின் நாடகக் குழுவில் சேர்ந்தார்.

அந்த முடிவின் கனத்தை உங்கள் நாடகம் காட்ட வேண்டும். உங்கள் பாட்டி உங்களிடம் சொல்வதைப் போல நூறு மடங்கு அந்தச் சிறுமியிடம் சொல்லியிருப்பார்கள். அன்றைக்கு மேடையேறிய பெண்களில் பலர் இசையும் நடனமுமே குலத்தொழிலாக இருந்த குடும்பங்களில் இருந்து வந்தவர்கள். அக்கிரகாரத்தில் இருந்து ஒரு பெண் நாடகத்துக்கு வந்தால் அவளை உறவு முறையில் இருந்தே தள்ளி வைத்துவிடுவார்கள். அதைத் தாங்கிக்கொண்டு அந்தத் தாய் மகளுடன் நின்றார். என்னைக் கேட்டால் உங்கள் நாடகத்தில் அம்மா மீனாட்சிக்கு ஒரு பெரிய வேஷம் கொடுங்கள்.

அடுத்து, நாடகத் தொழில் அன்று எப்படி நடந்தது என்பதை உங்கள் நண்பர் தெரிந்துகொள்ள வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வைத்த நாடகங்கள்தான் அப்போது ஊரெங்கும் நடந்தன. பாய்ஸ் கம்பெனி என்ற பெயரில் பையன்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்து, பெண் வேஷத்தையும் அவர்களையே போட வைக்கும் குழுக்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஸ்பெஷல் நாடகம். அதில் கதாநாயகனாக நடிக்கும் ராஜபார்ட் ஒரு ஊரில் இருந்து வருவார், கதாநாயகியாக நடிக்கும் ஸ்திரீபார்ட் வேறொரு ஊரில் இருந்து வருவார், கோமாளி வேஷம் போடும் பபூன் மூன்றாவது ஊர்க்காரர். ஒத்திகை கிடையாது. சாயங்காலம் கொட்டகையில் சந்தித்து, இரவு மேடையேறி, விடிய விடிய நடத்துவார்கள். எல்லாருக்கும் பொதுவான பாடம் மனப்பாடம் என்பதால் மட்டுமே இது முடிந்தது. எதிரில் நிற்பவர் பாடத்தை விட்டு விலகிப் புதிதாக ஒரு கேள்வியைப் பாட்டிலேயே போட்டால், பதிலையும் அங்கேயே, அதே சுருதியில், பாட்டாகத் தர வேண்டும். திணறினால் ஜனங்கள் சும்மா விடமாட்டார்கள். மைக் கிடையாது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் வார்த்தை தெளிவாகப் போய்ச் சேர வேண்டும்.

இதில் வள்ளி வேஷம்தான் ஸ்திரீபார்ட்டுக்குப் பெரிய பரீட்சை. தினைப்புனத்தில் ஆலோலம் பாடிக் குருவி விரட்டுவதில் தொடங்கி, வேடனாக வரும் முருகனோடு மணிக்கணக்கில் தர்க்கம் செய்ய வேண்டும். இப்படிப்பட்ட மேடைகளில்தான் ராஜலட்சுமி வளர்ந்தார். பெரிய ராஜபார்ட் நடிகர்களுக்கு ஈடுகொடுத்துப் பாடினார். சுதந்திரப் போராட்டக் காலம் ஆதலால் புராண நாடகத்துக்கு நடுவில் தேசபக்திப் பாட்டும் வரும், கொட்டகை அதிரும்.

இடையில் ஊமைப்படத்திலும் நடித்தார். ஏ. நாராயணன் சென்னையில் நடத்திய ஜெனரல் பிக்சர்ஸ் கார்ப்பரேஷன் எடுத்த 'கோவலன்' அதில் ஒன்று. பாட்டுக்காகவே பெயர் வாங்கிய ஒருவர் வாயை அசைத்துவிட்டு நிற்க வேண்டிய படம்! ஆனாலும் கேமரா என்றால் என்ன, அதன் முன்னால் எப்படி நிற்பது என்ற பழக்கம் அங்கேதான் வந்தது.

இப்போது பம்பாய்க்கு வருவோம். 1931 மார்ச்சில் அர்தேஷிர் இரானியின் 'ஆலம் ஆரா' வெளிவந்து இந்திய சினிமா பேசத் தொடங்கியது. தென்னிந்தியாவுக்கும் ஒரு படம் செய்ய இரானியின் கம்பெனி நினைத்தது. எச்.எம். ரெட்டி இயக்கிய அந்தப் படம்தான் ராஜலட்சுமி நாயகியாக நடித்த 'காளிதாஸ்'. அந்தக் காலத்தில் பின்னணிப் பாட்டு என்ற ஏற்பாடே கிடையாது. டப்பிங்கும் இல்லை. கேமரா ஓடும்போதே பேச வேண்டும், பாட வேண்டும். வாத்தியக்காரர்கள் கேமராவில் படாத இடத்தில் உட்கார்ந்து வாசிப்பார்கள். வரி தப்பினால் திரும்ப முதலில் இருந்து. பாடத் தெரிந்த, நடிக்கத் தெரிந்த, ஆடத் தெரிந்த, பதற்றப்படாத ஒருவர் வேண்டும். விடிய விடிய மைக் இல்லாமல் தர்க்கம் செய்தவருக்கு இது முடியாத காரியமா? உங்கள் நண்பர் லக் என்று எழுதிய இடத்தில் இருந்தது இந்தத் தேர்ச்சிதான்.

'காளிதாஸ்' இன்று பார்க்கக் கிடைக்காத படம். கிடைக்கும் விவரங்களைப் பார்த்தால் விசித்திரமான கலவை. நாயகி தமிழில் பேசுகிறார், நாயகன் தெலுங்கில் பதில் சொல்கிறார். பின்னாளில் பெரிய இயக்குநரும் ஸ்டுடியோ முதலாளியுமான எல்.வி. பிரசாத் சின்ன வேடத்தில் வருகிறார். தியாகராஜர் கீர்த்தனை உண்டு. காளிதாசன் கதைக்கு நடுவில் காந்தியின் இராட்டையைப் பற்றி ஒரு பாட்டு, மதுரை பாஸ்கரதாஸ் எழுதியது. ராஜலட்சுமியின் குறத்தி நடனம் தனியாக இணைக்கப்பட்டிருந்தது. இதைக் கேட்டுச் சிலர் சிரிக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஸ்பெஷல் நாடகம் பார்த்து வளர்ந்த ஜனங்களுக்கு இந்தக் கலவை பழக்கமானது. தங்கள் கொட்டகை நாயகியே திரையில் பேசுவதையும் பாடுவதையும் கேட்கத்தான் அவர்கள் வந்தார்கள்.

இங்கேதான் நம் பக்கத்துத் தொடர்பு வருகிறது. பம்பாயில் இருந்து படப்பெட்டி சென்ட்ரல் ஸ்டேஷனில் வந்து இறங்கியபோது ஆயிரக்கணக்கானவர்கள் கூடி, அதை வால்டாக்ஸ் ரோடு வழியாக ஊர்வலமாகக் கொண்டு போனதாகச் சினிமா வரலாற்றில் பதிவு இருக்கிறது. ரோஜா இதழ் தூவி, தேங்காய் உடைத்து, ஊதுபத்தி ஏற்றி, சாமி ஊர்வலம் மாதிரி. போய்ச் சேர்ந்த இடம் கினிமா சென்ட்ரல், பின்னாளில் முருகன் டாக்கீஸ் என்று பெயர் மாறிய கொட்டகை. அங்கேதான் 1931 அக்டோபர் 31 அன்று படம் வெளியானது. அதே வால்டாக்ஸ் ரோட்டில்தான் ஒற்றைவாடை நாடகக் கொட்டகையும் இருந்தது. பெரிய பெரிய நாடகக் கம்பெனிகள் வந்து முகாம் போட்ட இடம். நாடகக் கொட்டகையைக் கடந்து சினிமாக் கொட்டகைக்குப் படப்பெட்டி போனது என்றால், அந்தத் தெருவில் நின்று பார்த்த ஜனங்கள் இரண்டுக்கும் பொதுவானவர்கள்தான். இரவு முழுக்க உட்கார்ந்து பாட்டைக் கேட்டு, தப்பினால் குரல் கொடுத்து, பிடித்தால் ஒன்ஸ்மோர் கேட்டுப் பழகியவர்கள். வடசென்னை என்றாலே அரிவாளையும் ரௌடியையும் காட்டுகிற சினிமாவுக்கு இந்த ரசனை வரலாறு தெரிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். உங்கள் நாடகத்திலாவது அந்த ஊர்வலம் வரட்டும். ஒரு தகரப் பெட்டியும் பார்வையாளர்களும் இருந்தால் போதும், அவர்களையே ஊர்வலமாக்கிவிடலாம்.

இன்னொன்று. 1931-இல் பேசும்படம் நிலைக்குமா என்று யாருக்கும் தெரியாது. மேடையில் மாபெரும் புகழோடு இருந்த கே.பி. சுந்தராம்பாள் 1935-இல் வந்த 'பக்த நந்தனார்' வரை சினிமாப் பக்கம் வரவில்லை. வந்தபோதும் ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் கேட்டு வாங்கினார். சினிமாவை நம்பி மேடையை விட வேண்டிய அவசியம் நல்ல பாடகிக்கு இல்லை என்பதைத்தான் இது காட்டுகிறது. அப்படிப்பட்ட சமயத்தில், தெரியாத ஊரில், தெரியாத கருவிக்கு முன்னால் போய் நிற்க ராஜலட்சுமி ஒப்புக்கொண்டார். லாட்டரி விழுந்தவர் செய்கிற காரியமா இது?

1933-இல் வந்த 'வள்ளி திருமணம்' அவரை உச்சிக்குக் கொண்டுபோனது. கோவை சாமிக்கண்ணு வின்சென்ட் சம்பந்தப்பட்ட தயாரிப்பு, பி.வி. ராவ் இயக்கம், படப்பிடிப்பு கல்கத்தாவில். சென்னையில் அப்போது பேசும்படம் எடுக்க ஸ்டுடியோ கிடையாது, 1934-இல்தான் அது தொடங்கியது. படம் பெரிய வசூல். 'சினிமா ராணி' என்ற பட்டம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. கவனியுங்கள், அவர் சிறுவயதில் கொட்டகை கொட்டகையாக நடித்துப் பழகிய அந்த மேடை மரபின் வள்ளிதான் படத்திலும் ஜெயித்தாள். அந்தப் படத்தில் நாரதராக நடித்த டி.வி. சுந்தரத்தை அவர் மறுமணம் செய்துகொண்டார். சிறுவயதுத் திருமணத்தில் அடிபட்ட ஒரு பெண், தானே தேர்ந்தெடுத்து மறுபடியும் கல்யாணம் செய்துகொள்கிறார். 1930-களில் இது எவ்வளவு பெரிய துணிச்சல்!

அப்புறம் 1936-இல் 'மிஸ் கமலா'. தான் எழுதிய 'கமலவல்லி' நாவலைத் தானே திரைக்கதையாக்கி, தானே தயாரித்து, தானே இயக்கி, தானே நடித்தார். தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர் அவர். இந்திய அளவில் அவருக்கு முன்னால் பாத்மா பேகம் 1926-இல் இயக்கியிருக்கிறார். பேசும்படம் வந்து ஐந்தே வருடத்தில், சம்பளத்துக்கு நடிக்கப் போனவர் படத்துக்கே சொந்தக்காரர் ஆகிவிட்டார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். முதல் நாயகி என்பது வரிசையில் அமைந்தது. ஒரு கதையை எழுதி, பணம் போட்டு, ஆண்கள் மட்டுமே இருக்கும் படப்பிடிப்பில் 'ஆக்‌ஷன்' சொல்வதை யாரும் அவர் கையில் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார்.

பிற்காலத்தில் சொத்து கரைந்தது. 1961-இல் கலைமாமணி விருது கிடைத்தது, 1964-இல் காலமானார். நீங்கள் இளமைக் காலத்தைத்தான் எடுத்திருக்கிறீர்கள் என்பதால் இதற்குள் போக வேண்டாம். நடிகையின் கதை என்றால் கடைசியில் அழ வைத்தே ஆக வேண்டும் என்று ஒரு பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை விடுங்கள். என் யோசனை, 'மிஸ் கமலா' படப்பிடிப்பின் முதல் நாளோடு நாடகத்தை முடியுங்கள்.

உங்கள் பாட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. அவரோடு வாதாடாதீர்கள். அவர் சின்ன வயதில் கேட்ட வள்ளி திருமணப் பாட்டோ, பவளக்கொடிப் பாட்டோ ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் பாடச் சொல்லி போனில் பதிவு செய்யுங்கள். உங்கள் நாடகத்துக்குத் தேவையான மெட்டு வீட்டிலேயே கிடைக்கக்கூடும். ஆலோலம் பாடும் காட்சியையாவது மைக் இல்லாமல் நடத்துங்கள், கடைசி வரிசையில் ஒருவரை உட்கார வைத்துக் கேட்கிறதா என்று ஒத்திகையில் சரிபாருங்கள். அரங்கேற்றத் தேதி முடிவானதும் எழுதுங்கள், கட்டாயம் வருகிறேன்.

அன்புடன்,
அக்கா