இலவசப் பரிசும் 25 ஆண்டு விடுமுறைத் திட்டமும்

கேள்வி: நான் சென்ற ஆண்டு பணி ஓய்வு பெற்ற ஆசிரியர். எனக்கு வயது 61, மனைவிக்கு 58. குலுக்கலில் பரிசு விழுந்திருப்பதாகவும், தம்பதியாக நேரில் வந்து பெற்றுக்கொள்ளுமாறும் தொலைபேசியில் அழைத்தார்கள். ஒரு ஹோட்டலில் இரண்டு மணி நேரம் விளக்கம் கேட்டபின், ஆண்டுக்கு 7 இரவுகள் வீதம் 25 ஆண்டுகள் தங்கும் உறுப்பினர் திட்டத்தில், வரி உட்பட 4 லட்சம் ரூபாய்க்குச் சேரச் சம்மதித்து, 50,000 ரூபாயை கிரெடிட் கார்டில் முன்பணமாகக் கட்டிவிட்டேன். கையெழுத்திட்டு ஐந்து நாட்கள் ஆகின்றன. ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் 18,000 ரூபாய் என்பது வீட்டுக்கு வந்து படித்தபோதுதான் தெரிந்தது. மீதியைக் கட்டலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: கட்ட வேண்டாம். ஒப்பந்தத்தில் விலகல் அல்லது ரத்து பற்றிய பத்தியை உடனே தேடிப் படியுங்கள். இத்தகைய திட்டங்களுக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லாததால், எத்தனை நாட்களுக்குள் விலகினால் முழுப் பணமும் திரும்பும் என்பது பெரும்பாலும் ஒப்பந்த வாசகத்தைப் பொறுத்தே அமைகிறது. 10 நாட்கள் தரும் நிறுவனங்களும் உண்டு, அந்தப் பத்தியே இல்லாத ஒப்பந்தங்களும் உண்டு. எப்படியிருந்தாலும், விலகுவதாகவும் முன்பணத்தைத் திருப்பித் தருமாறும் இன்றே எழுதி, மின்னஞ்சலிலும் ஒப்புகையுடன் கூடிய விரைவு அஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள். தொலைபேசியில் சொன்னதற்குச் சாட்சி இராது. "மேலாளர் ஊரில் இல்லை, அடுத்த வாரம் பேசலாம்" என்று பதில் வந்தால், கெடு தீரும்வரை இழுத்தடிக்கிறார்கள் என்றே கொள்ளுங்கள். முன்பணத்தை மாதத் தவணையாக மாற்றியிருந்தால் வங்கிக்கும் தனியே எழுத வேண்டும். மீதித் தொகையைக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ளும் படிவத்தில் கையெழுத்திட்டிருந்தால், அந்த ஒப்புதலையும் திரும்பப் பெறுங்கள்.

அவர்கள் காகிதத்தில் போட்டுக் காட்டிய கணக்கில் விடுபட்டது வட்டி. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் வட்டி 2023 ஏப்ரலில் 8.2 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அந்த வீதத்தில் 4 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 8,200 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 32,800 ரூபாய் கிடைக்கும். அசல் அப்படியே இருக்கும். இழக்கும் இந்த வட்டியோடு பராமரிப்புக் கட்டணத்தையும் சேர்த்தால், ஆண்டுக்கு 50,800 ரூபாய். 7 இரவுகளுக்கு வகுத்தால், ரயில் கட்டணமும் சாப்பாடும் சேராமலே ஓர் இரவுக்கு 7,250 ரூபாய்க்கு மேல் வருகிறது. இதுவும் நீங்கள் ஓர் ஆண்டுகூடத் தவறாமல் 86 வயது வரை பயணம் செய்தால்தான். முழங்கால் வலியால் வீட்டில் இருந்துவிட்ட ஆண்டுக்கும் பராமரிப்புக் கட்டணம் கேட்பார்கள். அது இதே 18,000 ரூபாயில் நிற்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. பிள்ளைகளுக்கு மாற்றித் தரலாம் என்பார்கள், அப்போது அந்தக் கட்டணமும் அவர்கள் தலையில் விழும்.

என் பார்வையில் இத்திட்டம் உங்களுக்குப் பொருந்தாததற்கு வேறொரு காரணமும் உண்டு. பள்ளி விடுமுறையில் மட்டுமே வெளியூர் செல்லக்கூடிய குடும்பத்துக்குத்தான் அறையை முன்கூட்டியே உறுதி செய்துகொள்வதில் ஓரளவு பயன் இருக்கிறது. ஆசிரியராக இருந்தவரை நீங்களும் மே மாதத்துக்குக் கட்டுப்பட்டவர்தான். இனி அந்தக் கட்டாயம் இல்லை. உதகைக்கோ கொடைக்கானலுக்கோ ஆகஸ்ட் மாதத்து செவ்வாய்க்கிழமையில் போகலாம், அறை வாடகையிலும் பேரம் பேசலாம். (இரண்டு ஊர்களுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் நடைமுறை இருப்பதை மறக்க வேண்டாம்.) இரண்டு நாள் தங்கிப் பார்த்து, படிக்கட்டும் குளியலறையும் ஒத்துவராவிட்டால் அடுத்த முறை வேறு விடுதிக்குப் போய்விடலாம்.

ரயில் பயணத்தைப் பொறுத்தவரை, மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டுவிட்டது. கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு தொடர்கிறது. ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 45 வயது நிறைந்திருந்தால் போதும் என்பதால் நீங்கள் இருவருமே அதற்குத் தகுதியுடையவர்கள். ஒரு டிக்கெட்டில் இரண்டு பேருக்கு மேல் சேர்த்தால் அந்த ஒதுக்கீடு கிடைக்காது. உறவினரும் உடன் வந்தால் அவருக்குத் தனி டிக்கெட் எடுங்கள். முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பு தொடங்குகிறது.

முன்பணத்தைத் தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனத்தின் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் தஞ்சாவூர் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்கு மேற்படாததால் கட்டணம் இல்லை; வழக்கறிஞர் வைத்துக்கொள்வதும் கட்டாயமில்லை. வாய்மொழி வாக்குறுதிகள் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது என்ற வரி இத்தகைய ஒப்பந்தங்களில் வழக்கமாக இருக்கும். ஆகவே பரிசு அழைப்பு வந்த எண், குறுஞ்செய்திகள், அவர்கள் கையால் கணக்குப் போட்டுக் காட்டிய காகிதம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள்; விற்பனையாளர் என்னென்ன சொன்னார் என்பதை, மறப்பதற்குள் நீங்களும் மனைவியும் தேதியிட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.