கொறங்காட்டு வேலியை அளக்கும் பெண்ணுக்கு என்ன படிப்பு?

காங்கேயம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கணிதம்-உயிரியல் பிரிவு, கட்-ஆஃப் 171. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி.

"பெங்களூர்ல இருக்கற எங்கண்ணன், ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ் சேத்துனாத்தான் புள்ளைக்கு எதிர்காலம்ங்கறாருங்க. மேனேஜ்மென்ட் சீட்டு, நாலு வருசத்துக்குப் பதினாலு லட்சம். ரெண்டு ஏக்கர் கொறங்காட்டை வித்துப்போடலாம்ங்கறாரு அவங்கப்பா. பாப்பா என்னன்னா, பட்டாவுல இருக்கற அளவும் கிளுவை வேலிக்குள்ள இருக்கற அளவும் ஏன் ஒத்துவரலீன்னு லீவு முச்சூடும் டேப்பைப் புடிச்சுட்டுத் திரியறா. நீங்கதான் அவளுக்குப் புத்தி சொல்லோணும்."

அம்மா, புத்தி சொல்ல வேண்டியது பாப்பாவுக்கு இல்லைங்க. முதலில் பணத்தைப் பேசிவிடுவோம்.

பதினாலு லட்சத்தைக் கடனாக வாங்கினால், 10 சதவீத வட்டியில் 7 ஆண்டுத் தவணைக்கு மாதம் ₹23,000-க்கு மேல் கட்ட வேண்டும். படிக்கும் நாலு வருடத்தில் ஏறும் வட்டி இதில் சேராது. நிலத்தை விற்றால் தவணைத் தொல்லை இல்லை என்று பாப்பாவின் அப்பா நினைக்கிறார். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் கிளுவை உயிர்வேலியுமாக, மழை பொய்த்த வருடத்திலும் செம்மறிகளைத் தாங்கும் மேய்ச்சல் காடு அது. மனைப்பிரிவாகப் போனபின் அதே விலைக்கு அரை ஏக்கர்கூடத் திரும்ப வாங்க முடியாது என்பது உங்களுக்கே தெரியும்.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பிள்ளைக்குப் பொறியியல் கலந்தாய்வில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. மேனேஜ்மென்ட் சீட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது. எந்தப் பட்டப்படிப்பில் சேர்ந்தாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ₹1,000 தனியாக வரும். இத்தனையும் கையில் இருக்கும்போது காட்டை விற்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

உங்கள் அண்ணன் நல்லதை நினைத்துத்தான் சொல்கிறார். ஆனால் அவர் சொல்வது அவருக்குத் தெரிந்த ஊரின் வேலை. பாப்பா அந்தப் படிப்பைக் கேட்டாள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. கேட்காத படிப்பை நிலத்தை விற்று வாங்கிக் கொடுத்தால், பிடிக்கவில்லை என்று சொல்லும் தைரியம்கூட அவளுக்கு வராது.

அவள் கேட்பது எல்லையைப் பற்றி. வீட்டில் அது விளையாட்டாகத் தெரிகிறது. கல்லூரியிலோ ஒவ்வொரு துறையும் இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வெவ்வேறு வேலை பார்க்கிறது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் அவளை உட்காரவைத்து ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், எதில் கேள்வி மேல் கேள்வி கேட்கிறாள் என்று கவனியுங்கள்.

சட்டத்தில் எல்லை என்பது உரிமை. பக்கத்துத் தோட்டக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டு, அந்தத் துண்டைத் தன் நிலமென்று வெளிப்படையாக 12 ஆண்டு அனுபவித்துவிட்டால், 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி நிலத்துக்காரரின் வழக்கே காலாவதியாகலாம். கல் நட்ட இடத்திலேயே இருக்க, உரிமை மட்டும் நகர்ந்திருக்கும்.

பொருளியலுக்குத் திருப்பூரே போதும். பனியன் கம்பெனி நிட்டிங்கைச் சொந்தமாக வைத்துக்கொண்டு, சாயம், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்ப்ராய்டரியை ஜாப் வொர்க்குக்கு விடுகிறது. ஏன் எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் செய்வதில்லை? ஒரு கம்பெனியின் எல்லை எங்கே முடிகிறது என்ற இந்தக் கேள்வியை 1937-ல் எழுப்பியவர் ரொனால்ட் கோஸ். விலை பேச, தரம் பார்க்க, தேதிக்குச் சரக்கு வாங்க ஆகும் செலவு, உள்ளே செய்வதைவிடக் கூடினால் வேலை உள்ளே வரும், குறைந்தால் வெளியே போகும் என்றார். 1991-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கோயம்புத்தூர்ப் பவுண்டரிகளில் உலோகவியல் படித்தவர் பார்க்கும் எல்லை நுண்ணோக்கியில்தான் தெரியும். உருக்கு ஆறும்போது பொடிப்பொடிப் படிகங்களாக உறைகிறது. ஒரு படிகம் முடிந்து அடுத்தது தொடங்கும் விளிம்பு அது. படிகம் சிறுத்தால் விளிம்பு கூடும், உலோகம் வலுக்கும். கந்தகமோ பாஸ்பரசோ அந்த விளிம்பில் போய்த் தங்கினால், விரிசல் விடுவதும் அங்கேதான்.

வரலாற்றில், கொங்கு நாட்டுக்கு வடக்கே பெரும்பாலை, தெற்கே வைகாவூர், மேற்கே வெள்ளியங்கிரி, கிழக்கே குளித்தலை என்று பழம்பாடல் நாலு திசைக்கும் எல்லை வைத்திருக்கிறது. மொழியியல் படித்தவர் அந்தக் கோட்டை அப்படியே ஏற்க மாட்டார். ஒரு சொல் ஓரிடத்தில் நிற்கும், இன்னொரு சொல் நாலு ஊர் தாண்டிப் போகும். பேச்சுக்கு ஒரே கோடு கிடையாது, பல கோடுகள் நெருங்கி ஓடும் பட்டைதான் உண்டு.

உயிரியலில் செல் சவ்வு. மருத்துவம், உயிரித் தொழில்நுட்பம் பற்றி உறவுக்காரர்கள் ஏற்கெனவே நிறையச் சொல்லியிருப்பார்கள், விட்டுவிடுகிறேன்.

புவியியலுக்கு வருவோம். சிறுவாணி அணை இருப்பது கேரளத்தில், தண்ணீர் குடிப்பது கோயம்புத்தூர். பவானி நீலகிரியில் பிறந்து, கேரளத்துக்குள் போய், அட்டப்பாடி வழியாகத் தமிழ்நாட்டுக்குத் திரும்புகிறது. மாநில எல்லை ஒரு பக்கம் போகிறது, மழைநீரை இரு பக்கமாகப் பிரித்துவிடும் மலைமுகடான நீர்ப்பிரிமுகடு இன்னொரு பக்கம் போகிறது, குழாய் மூன்றாவது பக்கம் போகிறது. இந்த மூன்றையும் ஒரே படத்தில் சரியாகப் பொருத்துவதே ஒரு தொழில். அதன் பெயர் புவித்தகவலியல், ஜியோ இன்ஃபர்மேடிக்ஸ். டேப்பும் பட்டாவுமாகத் திரியும் பெண்ணுக்கு நான் சொல்வது இதைத்தான்.

"ஜியாகரபியா? டீச்சராத்தான் போகோணும்" என்று சொல்லும் சித்தப்பாக்கள் எல்லா ஊரிலும் உண்டு. கிண்டிப் பொறியியல் கல்லூரியே 1794-ல் நில அளவைப் பள்ளியாகத்தான் தொடங்கியது. 1802-ல் பரங்கிமலைப் பக்கம் வில்லியம் லாம்ப்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரிய முக்கோண அளவைதான் இந்தியா முழுவதையும் வரைபடத்தில் ஏற்றியது. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வரைபடத் தரவுக்கான கட்டுப்பாடுகளைத் தளர்த்தியபின், முன் அனுமதி இல்லாமலே இந்திய நிறுவனங்கள் வரைபடம் தயாரிக்கவும் விற்கவும் வழி திறந்தது.

படிப்பில் சேர இரண்டு வழி. ஒன்று, கிண்டியில் பி.இ. ஜியோ இன்ஃபர்மேடிக்ஸ். இடம் குறைவு, போட்டி கடுமை. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வாய்ப்பு உண்டு, ஆனால் அதை மட்டும் நம்பி உட்காரக் கூடாது. இரண்டு, கோயம்புத்தூர் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. புவியியல். வருடக் கட்டணம் சில ஆயிரங்களில் முடியும். அதன்பின் எம்.எஸ்சி. புவித்தகவலியல், அல்லது செயற்கைக்கோள் படங்களிலிருந்து தகவல் எடுக்கும் தொலையுணர்வு. டேராடூனில் இஸ்ரோவின் கீழ் இயங்கும் ஐ.ஐ.ஆர்.எஸ். நடத்தும் இலவச இணைய வகுப்புகளைப் பி.எஸ்சி. படிக்கும்போதே முடித்துவிடலாம்.

வேலையின் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துக் கோடு வரைந்து தள்ளும் வேலையில் மட்டும் நின்றுவிட்டால் சம்பளம் குறைவு, உயரவும் உயராது. பைத்தான், தரவுத்தளம், புள்ளியியல் மூன்றும் சேர்ந்தால்தான் மேலே போக முடியும். அண்ணன் சொல்லும் நிரலாக்கம் இங்கேயும் உண்டு, அவளுக்குப் பிடித்த பொருளின் மேல் ஏறி வரும். களவேலையில் வெயில், பாம்பு, வரப்புச் சண்டை எல்லாம் இருக்கும். அரசு நில அளவர் பதவி வேண்டுமானால், டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்பில் ஐ.டி.ஐ., டிப்ளமோ தகுதி கேட்கிறார்களா என்று முதலில் படித்துவிடுங்கள். பட்டம் இருந்தாலே போதும் என்று எண்ணிவிடக் கூடாது.

இனி பாப்பாவின் கேள்வி. அளவு ஏன் ஒத்துவரவில்லை? அவளிடமே கொடுங்கள், ஆறு வார வேலை. செலவு ஒரு 30 மீட்டர் டேப் மட்டும்.

பட்டாவில் பரப்பு 0.81.0 என்று ஹெக்டேர்-ஏர் கணக்கில் இருக்கும். அதுதான் 2 ஏக்கர், சுமார் 8,100 சதுர மீட்டர். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர். முதல் தவறு பெரும்பாலும் வேலியில்தான். கிளுவை வேலிக்கே ஒரு மீட்டருக்குக் குறையாத அகலம் இருக்கும். சதுரமான 2 ஏக்கரின் சுற்றளவு 360 மீட்டர். வேலியின் நடுக்கோட்டை விட்டு அரை மீட்டர் உள்ளே அளந்தால் 180 சதுர மீட்டர், ஏறத்தாழ நாலரை சென்ட், கணக்கில் காணாமல் போகும்.

இரண்டாவது தவறு ஊர்க் கணக்கு. எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, இரண்டையும் பெருக்குகிறோம். மூலை நேராக இல்லாவிட்டால் இது பரப்பைக் கூட்டிக் காட்டும். 100 மீட்டருக்கு 80 மீட்டர் காடு, மூலை 90 பாகைக்குப் பதில் 75 பாகையில் சாய்ந்திருந்தால், ஊர்க் கணக்கில் 8,000 சதுர மீட்டர் வரும். உண்மை 7,727. வித்தியாசம் ஏழு சென்ட்டுக்குச் சற்றுக் குறைவு. அதனால் நாலு பக்கத்தோடு ஒரு மூலைவிட்டத்தையும் கட்டாயம் அளக்க வேண்டும். நிலம் இரண்டு முக்கோணமாகும். மூன்று பக்கம் தெரிந்த முக்கோணத்தின் பரப்பைக் கண்டுபிடிக்கும் ஹீரோன் சூத்திரம் அவள் ஒன்பதாம் வகுப்பில் படித்ததுதான். டேப்பைத் தொய்யவிடாமல், மேடு பள்ளத்தில் சரிவோடு சாய்க்காமல், கிடைமட்டமாகப் பிடித்து, ஒவ்வொரு பக்கத்தையும் போகும்போதும் வரும்போதும் இரண்டு முறை அளக்கட்டும்.

அடுத்து, அரசின் நில ஆவண இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்து எஃப்.எம்.பி. எனும் புலப்படத்தை இறக்கிக்கொள்ளட்டும். மூலைக்கல்லிலிருந்து மூலைக்கல்லுக்குப் போகும் கோடுகளும், வளைவுகளுக்கு அந்தக் கோட்டிலிருந்து செங்குத்தாக எடுத்த அளவுகளும் அதில் இருக்கும். தன் டேப் அளவை ஒவ்வொரு கோட்டோடும் ஒப்பிட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் உதைத்தால் அந்த மூலைக்கல்லை ஜே.சி.பி.யோ டிராக்டரோ பெயர்த்திருக்கலாம். நாலு பக்கமும் ஒரே விகிதத்தில் கூடினாலோ குறைந்தாலோ கோளாறு டேப்பில் இருக்கலாம்.

பிறகு கியூஜிஐஎஸ். இலவச வரைபட மென்பொருள், சாதாரண லேப்டாப்பில் ஓடும். புலப்படத்தை அதில் ஏற்றி, செயற்கைக்கோள் படத்தோடு குறைந்தது நாலு புள்ளிகளில் பொருத்த வேண்டும், மூலைக்கு ஒன்றாக. நாலையும் ஒரே ஓரத்தில் வைத்தால் மறுகோடி முறுக்கிக்கொண்டு போகும். செல்போன் ஜி.பி.எஸ்ஸை எல்லைக்கு நம்பவே கூடாது. திறந்த வெளியிலேயே சில மீட்டர் பிசகும், மரத்தடியில் இன்னும் மோசம். 100 மீட்டர் வரப்பு ஒரு மீட்டர் நகர்ந்தாலே இரண்டரை சென்ட் போய்விடும். இதற்காகத்தான் தொழில்முறை அளவர்கள் ஒரு கருவியைத் தெரிந்த புள்ளியில் நிறுத்தி, இன்னொன்றைக் கையில் கொண்டுபோய், சென்டிமீட்டர் துல்லியத்தில் அளக்கிறார்கள்.

பரப்பைக் கணக்கிடும்போது இன்னொரு எல்லை குறுக்கே வரும், அது நிலத்தில் தெரியாது. உலகத்தை 6 பாகை அகலப் பட்டைகளாகப் பிரிக்கும் யூ.டி.எம். முறையில், கிழக்கு 78 பாகைக் கோடு கொங்கு நாட்டை இரண்டாக வெட்டுகிறது. காங்கேயம், ஈரோடு, கொடுமுடி 43-ஆம் பட்டை. கரூர், நாமக்கல், சேலம் 44. காங்கேயத்துக் காட்டுக்குக் கியூஜிஐஎஸ்ஸில் 43-ஆம் பட்டைக்கான 32643 என்ற குறியீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 32644 போட்டால் படம் கண்ணுக்குச் சரியாகவே தெரியும், பரப்பு மட்டும் பிசகும். அலகை மீட்டருக்குப் பதில் பாகையில் விட்டுவிட்டால் பரப்பு அர்த்தமில்லாத எண்ணாக வரும்.

முடிவில் அவள் கையில் மூன்று எண்கள் இருக்கும்: பட்டாப் பரப்பு, டேப் பரப்பு, கியூஜிஐஎஸ் பரப்பு. மூன்றும் ஏன் வேறுபடுகின்றன என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். மூன்றாம் வாரத்திலேயே சலித்து டேப்பை மூலையில் போட்டுவிட்டால், இந்தப் படிப்பு வேண்டாம், வேறு பேசுவோம். எழுதி முடித்துவிட்டால் அந்தப் பக்கத்தை உங்கள் அண்ணனுக்கு அனுப்புங்கள். வித்தியாசம் பெரிதாகவே நின்றால், வட்டாட்சியர் அலுவலகத்தில், அரசு அளவர் வந்து எல்லையை அளந்து காட்டும் எஃப் லைன் அளவைக்கு மனுக் கொடுங்கள். அளவர் வரும் நாளில் பள்ளிக்கூட நோட்டோடு அவளும் வரப்பில் கூட நிற்கட்டும்.

கடிதத்தின் கடைசியில் ஒன்று எழுதியிருந்தீர்கள்: சீட்டைப் பிடித்துவைக்க ₹50,000 முன்பணம், திங்கட்கிழமைக்குள். கட்டாதீங்க அம்மா. கலந்தாய்வு முடியட்டும்.