கோல்ஃப் கேள்வி-பதில்: புது அயர்ன் வாங்கப் போகிறேன், எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: எனக்கு வயது 46. சென்னையில் ஆடுகிறேன். ஹேண்டிகேப் (ஆட்டத்திறனைக் காட்டும் எண்; குறையக் குறைய நல்லது) 28இலிருந்து 21க்கு இறங்கியிருக்கிறது. ஆடத் தொடங்கியபோது வாங்கிய அயர்ன் செட்தான் (எண்ணிட்ட உலோகத்தலை மட்டைகள்; எண் குறையக் குறைய தூரம் கூடும்) இன்னும் பையில் இருக்கிறது. கடையில் சிமுலேட்டரில் இரண்டு மாடல்களை அடித்துப் பார்த்தேன். ஒன்று தடித்த மட்டை; அதன் 7 அயர்ன் என் பழைய 7 அயர்னைவிட 15 யார்டு கூடுதலாகப் போனது. மற்றொன்று மெல்லியது, பார்க்க அத்தனை அழகு. ஆனால் தூரம் பழையபடியே. ஆட்டம் முன்னேறிக்கொண்டிருப்பதால், மெல்லியதை வாங்கி அதற்கேற்ப வளரலாமா? அல்லது தூரம் தருவதையே வாங்கிவிடலாமா?
— ஒரு வாசகர், சென்னை

பதில்: முதலில் அந்த 15 யார்டு எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். மட்டையின் அடியில் பொறித்திருக்கும் 7 என்ற எண்ணுக்கு விதி எதுவும் கிடையாது. எந்த நிறுவனமும் தனக்குச் சரியென்று படும் லாஃப்டில் (மட்டையின் முகம் பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்; குறைந்தால் பந்து தாழ்ந்து தூரம் போகும்) 7 அயர்ன் செய்யலாம். டைட்டிலிஸ்ட் 620 எம்பி என்ற பிளேடில் (மெல்லிய வகை மட்டை) 7 அயர்னின் லாஃப்ட் 35 டிகிரி. டெய்லர்மேட் பி790இல் 30.5 டிகிரி. பிங் ஜி430இல் 29 டிகிரி. ஒரு மட்டைக்கும் அடுத்த மட்டைக்கும் இடையே பொதுவாக நான்கு டிகிரி இருக்கும் என்பதால், 35க்கும் 29க்கும் உள்ள இடைவெளி ஒன்றரை மட்டைக்குச் சமம். உங்கள் பழைய செட்டில் 7 அயர்ன் 33 டிகிரியாக இருந்தால், கடையில் நீங்கள் அடித்தது உங்கள் பழைய 6 அயர்னின் லாஃப்டை. ஆகவே கடைக்காரரிடம் எண்ணைக் கேட்காதீர்கள், லாஃப்டைக் கேளுங்கள். ஒவ்வொரு மாடலுக்கும் நிறுவனங்களே அட்டவணை வெளியிடுகின்றன. உங்கள் பழைய செட்டை மட்டை பழுதுபார்க்கும் இடத்துக்குக் கொண்டுபோனால், அளக்கும் கருவியில் வைத்து சில நிமிடங்களில் சொல்லிவிடுவார்கள்.

இதை ஏமாற்று வேலை என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். புதிய மட்டைகளில் எடை கீழேயும் பின்னாலும் இருக்கிறது, முகம் மெல்லியதாக இருக்கிறது. பந்து தானாகவே உயரமாகக் கிளம்பும். பழைய லாஃப்டையே வைத்தால் அளவுக்கு மீறி எழும்பும் என்பதால் குறைக்கிறார்கள். இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கு சரியாக வர, மட்டையை வீசும் வேகமும் ஓரளவு வேண்டும். வேகம் குறைவாக இருந்தால் பந்து தாழப் பறந்து, கிரீனில் (குழி இருக்கும் புல்தளம்) விழுந்து, நிற்காமல் பின்பக்கம் ஓடிவிடும். அதனால் சிமுலேட்டர் திரையில் தூரத்துக்கு முன்னால் ‘இறங்கும் கோணம்’ என்ற எண்ணைப் பாருங்கள். பந்து பறப்பதை அளக்கும் கருவி செய்யும் டிராக்மேன் நிறுவனம் வெளியிட்டிருக்கும் அட்டவணையில், அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்களின் 7 அயர்ன் சராசரியாக 50 டிகிரியில் இறங்குகிறது. உங்களுக்கு 45ஐ ஒட்டி வந்தால் அந்த மட்டை உங்களுக்குப் பொருந்துகிறது. 40க்குக் கீழே போனால், திரையில் காட்டும் கூடுதல் தூரம் மே மாதத்தில் காய்ந்து இறுகிய கிரீனில் உங்களுக்கு எதிராகத்தான் வேலை செய்யும்.

செட்டின் கீழ்க்கோடியையும் கவனியுங்கள். 7 அயர்னின் லாஃப்டைக் குறைத்தால் பிட்சிங் வெட்ஜின் (குறுகிய தூரத்துக்கான மட்டை) லாஃப்டும் கூடவே இறங்கும். ஜி430இல் பிட்சிங் வெட்ஜ் 41 டிகிரி. உங்கள் பையில் இருக்கும் சாண்ட் வெட்ஜ் 56 என்றால் நடுவே 15 டிகிரி பள்ளம். 80 யார்டிலிருந்து 110 யார்டு வரை அரை வீச்சும் முக்கால் வீச்சுமாகத் தடுமாற வேண்டியதுதான். அந்தத் தூரத்திலிருந்து உங்கள் ஹேண்டிகேப் உள்ள ஒருவர் ஓர் ஆட்டத்தில் எத்தனை முறை அடிக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். இத்தகைய செட் வாங்கினால் அதே வரிசையில் வரும் இடைவெளி வெட்ஜ்களையும் சேர்த்தே விலை கேளுங்கள்.

இனி அந்த மெல்லிய மட்டை. அழகு என்று எழுதியிருக்கிறீர்கள், மறுக்கவில்லை. பந்துக்குப் பின்னால் வைத்துக் குனிந்து பார்க்கும்போது மெல்லிய மேல்விளிம்பு தரும் நம்பிக்கை உண்மையானது. ஆனாலும் ‘அதற்கேற்ப வளரலாம்’ என்ற யோசனையை விட்டுவிடுங்கள் என்று உங்களிடம் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பழைய 7 அயர்னை எடுத்து முகத்தை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். தொழில்முறை ஆட்டக்காரரின் மட்டை என் பட்டறைக்கு வந்தால் அதன் முகத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரே இடம் மட்டும் தேய்ந்திருக்கும். இருபதை ஒட்டிய ஹேண்டிகேப்காரர்களின் மட்டையில் அந்த வட்டம் இருக்காது. நுனியிலிருந்து கழுத்துப் பக்கம் வரை கோடுகளுக்குக் குறுக்கே மணல் உரசிய கீறல்கள் பரவியிருக்கும். உங்கள் மட்டை எந்த வகை என்று பாருங்கள். எந்த மாடல் வேண்டும் என்பதற்குப் பாதிப் பதில் அதில் இருக்கிறது.

ஜெனரல் எலெக்ட்ரிக்கில் பொறியாளராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம், 1950களின் இறுதியில், பந்தை உருட்டும் பட்டர் மட்டையில் எடையை இரண்டு ஓரங்களுக்கும் பிரித்து வைத்தார். நடுவிலிருந்து விலகிப் பட்டாலும் முகம் திருகாமல் இருக்க வேண்டும் என்பதே நோக்கம். அவர் தொடங்கிய பிங் நிறுவனம் அதையே அயர்னுக்கும் கொண்டுவந்தது. 1982இல் வந்த ஐ2 அயர்ன் உலகெங்கும் பைகளை நிறைத்தது. முதுகில் குழி வைத்த கேவிட்டி பேக் மட்டைகள் அனைத்தும் செய்வது இதைத்தான். மெல்லிய பிளேடில் எடை நடுவில் குவிந்திருக்கும். அரை அங்குலம் நுனிப்பக்கம் பட்டால் முகம் திறந்துகொள்ளும், பந்தின் வேகமும் இறங்கும், கிரீனுக்குப் போக வேண்டியது முன்னால் இருக்கும் பங்கரில் (மணற்குழி) விழும். அந்தப் பங்கரிலிருந்து நீங்கள் எதைக் கற்றுக்கொள்ளப் போகிறீர்கள்? மையத்தில் படுகிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் பிளேடு வேண்டும் என்றால், முகத்தில் சிறிது பவுடர் தூவி அடித்தாலே போதும். பந்து பட்ட இடம் தெரிந்துவிடும்.

ஹேண்டிகேப்பை வைத்து மட்டை வாங்குவதிலும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. 2020இல் நடைமுறைக்கு வந்த உலக ஹேண்டிகேப் முறையில், கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த எட்டின் சராசரிதான் கணக்கு. அதாவது 21 என்பது உங்கள் நல்ல நாட்களின் எண். மீதிப் பன்னிரண்டு ஆட்டங்களையும் நீங்கள்தான் ஆடுகிறீர்கள், அவற்றுக்கும் இதே மட்டைதான். எனவே சோதிக்கும்போது இப்படிச் செய்யுங்கள். பழைய 7 அயர்னைக் கையோடு எடுத்துப் போங்கள். உடம்பு சூடேறிய பிறகு ஒவ்வொரு மட்டையிலும் பத்துப் பந்து, மாற்றி மாற்றி. உருண்டு சேர்ந்த தூரம் வேண்டாம், பறந்த தூரம் மட்டும். தவறிப்போன பந்தை ‘இதை விட்டுவிடலாம் சார்’ என்று விற்பனையாளர் திரையிலிருந்து அழிக்க வந்தால் தடுத்துவிடுங்கள். உங்களுக்கு வேண்டியதே அந்தப் பந்துகள்தான். ஒவ்வொரு மட்டையிலும் மிக மோசமான மூன்று எங்கே விழுந்தன என்று பாருங்கள். எதில் அந்த மூன்றும் கிரீனை ஒட்டி விழுகின்றனவோ அதை வாங்குங்கள். நல்ல அடி எந்த மட்டையிலும் நன்றாகத்தான் போகும்.

உங்களைப் பார்க்காமலே சொல்வதென்றால், 30, 31 டிகிரி லாஃப்டை ஒட்டிய கேவிட்டி பேக் அல்லது உள்ளீடற்ற மட்டை, மிதமான அடிப்பாக அகலம் என்ற திசையில் தேடுங்கள். அடிப்பாகம் மிக அகலமானது வடகிழக்குப் பருவமழை முடிந்த ஈர மண்ணில் புதையாமல் காப்பாற்றும். ஆனால் கோடையில் தரை இறுகியிருக்கும்போது, அதுவே தரையில் பட்டுத் துள்ளிப் பந்தின் வயிற்றில் அடிக்கும். முடிந்தால் விரிப்பின் மேல் மட்டும் சோதிக்காமல் புல்லிலும் ஒருமுறை அடித்துப் பாருங்கள்.

கேள்வி: என் உயரம் 5 அடி 4 அங்குலம். வலக்கை ஆட்டக்காரன். ஒரு வருடத்துக்கு முன் புது அயர்ன் வாங்கினேன். நேராகத்தான் அடிக்கிறேன் என்று பயிற்சியாளர் சொல்கிறார். பந்து மட்டும் இடப்பக்கம் போகிறது. சின்ன மட்டைகளில்தான் அதிகம். மட்டையை மாற்ற வேண்டுமா?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: மாற்ற வேண்டாம், வளைத்தால் போதும் என்று நினைக்கிறேன். ஷாஃப்ட் (மட்டையின் தண்டு) தரையோடு சேரும் கோணத்தை லை என்கிறோம். சராசரி உயரத்துக்குச் செய்த மட்டை உங்கள் கையில் நுனி தூக்கி நிற்கும். நுனி தூக்கினால் முகம் இடப்பக்கம் பார்க்கும். லாஃப்ட் கூடக்கூட இந்த விலகலும் கூடும். அதனால்தான் உங்களுக்கு லாஃப்ட் அதிகமுள்ள சின்ன மட்டையில் அதிகம் தெரிகிறது.

இதை நீங்களே சோதிக்கலாம். வெள்ளைப் பலகையில் எழுதும் கறுப்பு மார்க்கரால் பந்தில் தடித்த கோடு ஒன்று போடுங்கள். கோடு செங்குத்தாக, மட்டையைப் பார்த்தபடி இருக்குமாறு பந்தை வைத்து 7 அயர்னால் அடியுங்கள். மை முகத்தில் பதிந்திருக்கும். முகத்தில் உள்ள கிடைக்கோடுகளுக்குச் செங்குத்தாகப் பதிந்திருந்தால் லை சரி. கோட்டின் மேல்முனை மட்டையின் நுனிப்பக்கம் சாய்ந்திருந்தால் லை அதிகம், உங்களுக்குப் படுத்த லை தேவை. கழுத்துப் பக்கம் சாய்ந்திருந்தால் எதிர்மாறு. துடைத்துவிட்டு மறுபடியும் மறுபடியும் அடித்து, ஒரே மாதிரி பதிகிறதா என்று பாருங்கள்.

பிறகு பட்டறைக்குப் போங்கள். வார்த்தெடுக்காமல் அடித்துச் செய்த மென்மையான கார்பன் எஃகு மட்டை என்றால் எளிதாக வளையும். வார்த்த துருப்பிடிக்காத எஃகு கடினமானது. அதை இரண்டு டிகிரிக்கு மேல் வளைக்க, தொழில் தெரிந்தவர்களே தயங்குவார்கள். பட்டறைக்காரர் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள், கழுத்து முறிந்துவிடும். இனி புதிதாக வாங்கும்போது உயரத்தோடு, நிமிர்ந்து நின்று மணிக்கட்டிலிருந்து தரை வரை உள்ள அளவையும் எடுத்துக் கொடுங்கள். ஒரே உயரம் உள்ள இருவருக்குக் கை நீளம் வேறாக இருக்கும். பிங் நிறுவனம் 1970களிலிருந்தே இதற்காக வண்ணப் புள்ளி வைக்கிறது. கறுப்புப் புள்ளி என்றால் பொதுவான லை.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 63. குன்னூரில் வசிக்கிறேன். ஹேண்டிகேப் 30. ஸ்டீல் ஷாஃப்டா, கிராஃபைட்டா? மலையில் எனக்கு 7 அயர்ன் 105 யார்டு போகிறது. மகனைப் பார்க்கச் சென்னைக்கு வந்தால் 95கூடப் போவதில்லை. வயதுதான் காரணமா?
— ஒரு வாசகி, குன்னூர்

பதில்: வயது இல்லை அம்மா, காற்று. உங்கள் குன்னூரை அடுத்த வெலிங்டன் ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரம், ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேல். அங்கே காற்று அடர்த்தி குறைவு, பந்துக்குத் தடையும் குறைவு. கடல்மட்டத்துக்கு வந்தால் தூரம் சில சதவீதம் குறைவது இயல்பு. நீங்கள் எழுதிய வித்தியாசத்தில் பெரும்பகுதி அதுதான். மலையில் அளந்த தூரத்தைச் சென்னைக் கடையில் அளந்ததோடு ஒப்பிட்டு மட்டை வாங்கிவிடாதீர்கள், அவ்வளவே.

கிராஃபைட் வாங்குங்கள், தயங்க வேண்டாம். டைனமிக் கோல்டு போன்ற கனமான ஸ்டீல் ஷாஃப்ட் 130 கிராம் வரை இருக்கும். நிப்பான் 950 போன்ற இலகு ஸ்டீல் நூறுக்குச் சற்றுக் கீழே. கிராஃபைட் 50, 60 கிராமிலேயே கிடைக்கிறது. கிராஃபைட் அதிர்வையும் உள்வாங்கிக்கொள்ளும். விரல் மூட்டும் முழங்கையும் அந்த வித்தியாசத்தை உடனே உணரும். லாஃப்டைப் பொறுத்தவரை சென்னை வாசகருக்குச் சொன்னதை நீங்கள் இன்னும் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும். உங்கள் வேகத்துக்கு 29 டிகிரி 7 அயர்ன் எழும்பாது. 32, 33 டிகிரியில் பாருங்கள். உயரமாக எழும்பி மெதுவாக இறங்கும் பந்துதான் உங்களுக்கு ஸ்கோரைக் குறைத்துத் தரும். கிரிப்பும் (கைப்பிடி) உங்கள் கைக்கேற்ற பருமனில் இருக்கட்டும். பெரிய கிரிப்பை இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு சுழலாது.

கேள்வி: புது செட்டின் விலை கட்டுப்படியாகவில்லை. பழையது வாங்கலாமா?
— ஒரு வாசகர், பெங்களூரு

பதில்: தாராளமாக வாங்கலாம். நான்கைந்து வருடம் பழைய நல்ல மாடல், இந்த வருடத்துப் புது மாடலைவிட உங்களுக்குக் கெடுதல் செய்துவிடாது. வாங்கும்முன் எல்லா மட்டைகளையும் வரிசையாகச் சாய்த்து வைத்து நீளம் சீராகக் குறைகிறதா, எல்லாவற்றிலும் ஒரே ஷாஃப்ட்தானா என்று பாருங்கள். ஒன்றிரண்டு முறிந்து வேறு ஷாஃப்ட் போட்டிருப்பார்கள். 8, 9 அயர்னிலும் வெட்ஜிலும் முகக்கோடுகளின் விளிம்பில் நகத்தை ஓட்டுங்கள், வழுக்கினால் தேய்ந்துவிட்டது. கிரிப் கெட்டிருந்தால் கவலை வேண்டாம், மாற்றிக்கொள்ளலாம். போலி மட்டைகள் நிறைய உலவுகின்றன. விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால், சீரியல் எண்ணைக் கேட்டு வாங்கி நிறுவனத்திடம் சரிபார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கேள்வி: செட்டில் 4 அயர்னும் 5 அயர்னும் வேண்டுமா?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: ஹேண்டிகேப் இருபதை ஒட்டியிருந்தால் வேண்டாம். 6 அயர்னிலிருந்து வாங்குங்கள். மேலே இரண்டு ஹைப்ரிட் (அயர்னுக்கும் உட்டுக்கும் இடைப்பட்ட மட்டை), அல்லது ஒரு ஹைப்ரிடும் ஒரு 7 உட்டும் (பருத்த தலை கொண்ட மட்டை). மிச்சமாகும் பணத்தில் 50 டிகிரி வெட்ஜ் ஒன்று வாங்குங்கள்.